பஸ்களையும் சேர்த்தே எடுங்கள்

கண்டிக்குக் கமெராவோடு வருகிறவர்கள் தலதா மாளிகையையும் வாவியையும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சந்தைப் பக்கம், பஸ் நெரிசலுக்குள் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் ஊர்க்காரருக்கு ஓர் அடையாளம் மட்டுமே. "மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட நில்லுங்க, வந்துர்றேன்" என்பதோடு சரி. நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு.

இது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனதல்ல. யாழ்ப்பாணத்துக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் ஞாபகார்த்தம். கண்டியில் நிற்பது ஒரு தகப்பனின் துக்கம். ஹாஜி முகமது இஸ்மாயில் என்ற வர்த்தகரின் மகன் சக்கி, 1947இல் மாவனெல்லையில் நடந்த வாகன விபத்தில் இறந்துபோனார். மகன் நினைவாகத் தகப்பன் கட்டிக்கொடுத்த கோபுரத்தை 1950 டிசெம்பர் 24 அன்று பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார். வீதியில் போன உயிருக்கு வீதி நடுவிலேயே நினைவுச் சின்னம். அதனால்தான் பஸ்ஸும் வயரும் இல்லாத 'சுத்தமான' படத்துக்காக மெனக்கெடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாகனங்களை வெட்டிவிட்டால் கோபுரத்தின் கதையில் பாதி போய்விடும்.

வரைந்தவர் ஷெர்லி டி அல்விஸ். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களின் கலைஞர். கொன்கிறீட் காலத்துக் கட்டடத்துக்குக் கண்டிச் சாயலைக் கொடுப்பது அவருடைய கை. சுதந்திரம் கிடைத்து மூன்றாண்டு ஆகாத நாட்டில், மணிக்கூட்டுக் கோபுரம் என்ற சீமைச் சரக்கு உள்ளூர் உடுப்புப் போட்டுக்கொண்டது. படத்தில் விழவேண்டியது அந்த உடுப்பு. அதற்கு உச்சிப் பகுதியைத் தனியாக, நீளமான லென்ஸால் எடுக்கவேண்டும்.

முழுக் கோபுரமும் வேண்டுமென்றால் அடியில் நின்று போனை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள்; கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல இருக்கும். தள்ளிப் போங்கள், முடிந்தால் எதிரே ஒரு மாடிக் கடையில் ஏறிக்கொள்ளுங்கள். ஒரு பிளேன்டீ சொன்னால் ஜன்னலோரம் இருக்கவிடுவார்கள். கமெராவைச் சாய்க்காமல் பிடித்தாலே செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும்.

வெளிச்சம் இங்கே லேசில் வசப்படாது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். சுவரின் வேலைப்பாடெல்லாம் தட்டையாகிவிடும். காலையில் சாய்வான வெயில் ஒரு பக்கத்தை மட்டும் தொடும்போது எடுங்கள். பின்னேரம் மலைநாட்டு மேகத்தை நம்பமுடியாது. ஆனால் மழை விட்டதும் வரும் அந்திதான் என் தெரிவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் பொழுது சாய்ந்தபின் வானத்து நீலம் இருபது நிமிடம் நின்றாலே பெரிய காரியம். முக்காலியை முன்கூட்டியே, நடைபாதையில் போகிறவர்கள் காலில் தட்டாதபடி வைத்துவிடுங்கள். ஷட்டரை இரண்டு விநாடி திறந்தால் பஸ் விளக்குகள் ஈரத் தார் ரோட்டில் சிவப்புக் கோடுகளாக ஓடும். கோபுரம் மட்டும் அசையாது.

மறுநாள் காலை பேராதனைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தை எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கையின் வேலை என்று பிடிபடும்.