நீலகிரித் தைலம்: மூக்குக்குச் சரி, வாய்க்கு ஆகாது

ஊட்டிக்குப் போய்ட்டு வர்றவங்க பையில வர்க்கி இருக்கும், கூடவே ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும் இருக்கும். ஆனா பேர்லதாங்க நீலகிரி. மரத்தோட சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு, டாஸ்மேனியா பக்கம். 1843-ல இதை நம்ம மலையில கொண்டுவந்து நட்டாங்க.

தைலத்துக்காகன்னு நினைச்சீங்களா? இல்லை, விறகுக்காக. மலையில குடியேறின வெள்ளைக்காரங்களுக்கு அடுப்புக்கும் குளிருக்கும் விறகு வேணும். சோலைக்காட்டு மரங்கள் மெதுவாத்தான் வளரும், யூகலிப்டஸ் மடமடன்னு வளரும். அதுக்கு விலையா நிறைய இயற்கைப் புல்வெளி போச்சு.

காய்ச்சுற முறை எளிமையானது. இலையைத் தண்ணியோட பெரிய பாத்திரத்துல போட்டு மூடிக் கொதிக்க வைப்பாங்க. வர்ற ஆவியைக் குழாய் வழியா குளிர வைச்சா தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து இறங்கும். எண்ணெய் லேசு, மேல மிதக்கும். அதைத் தனியா எடுத்துடுவாங்க. அதுல பெரும்பங்கு சினியோல்ங்கிற பொருள். அது மூக்குல குளிர்ச்சியை உணர்ற நரம்புகளைத் தூண்டும். அதனாலதான் அடைப்பு விட்ட மாதிரி ஒரு சுகம். சளியைக் குணப்படுத்திடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. சில வீடுகள்ல ரெண்டு சொட்டைச் சர்க்கரையில விட்டு முழுங்கச் சொல்வாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். அதுவும் சில நிமிஷங்கள்லயே. 2 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு மூக்கு, முகம் பக்கம் தடவவே கூடாது. மூச்சுக்குழாய் இறுகிடலாம். வலிப்பு நோய் உள்ளவங்க, ஆஸ்துமா உள்ளவங்க டாக்டர்கிட்ட கேட்காம பயன்படுத்த வேண்டாம்.

குழந்தை குடிச்சிடுச்சா? வாந்தி எடுக்க வைக்காதீங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும். பாட்டிலைக் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி, இல்லைன்னா 108.

பெரியவங்க தேங்காய் எண்ணெயில ஒண்ணு ரெண்டு சொட்டு கலந்து நெஞ்சுல தடவிக்கலாம். அப்படியே தடவினா தோல் எரியும். தீயும் சீக்கிரம் பிடிக்கும், அதனால விளக்குப் பக்கம் வைக்காதீங்க. பாட்டிலை இன்னைக்கே மேல் அலமாரிக்கு மாத்திடுங்க. பாட்டிகிட்டயும் இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க.