எங்கு பார்த்தாலும் மைனா... அப்புறம் ஏன் 'அழியக்கூடிய இனம்'?

உணவங்காடி நிலையத்தில் நீங்கள் எழுந்தவுடன் தட்டில் வந்து உட்காருமே, அந்தக் கறுப்பு மைனா? மஞ்சள் அலகு, அலகுக்கு மேலே சின்னக் கொண்டை. அதன் பெயர் ஜாவா மைனா. சிங்கப்பூரில் நாம் அடிக்கடி பார்க்கும் பறவை.

ஆனால் உலக அளவில் அது 'அழியக்கூடிய இனம்'. எப்படி?

யார் முடிவு செய்கிறார்கள்?

ஐயூசிஎன் எனும் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964இல் 'சிவப்புப் பட்டியலை'த் தொடங்கியது. இதுவரை 170,000க்கும் அதிகமான விலங்கு, தாவர, காளான் இனங்கள் மதிப்பிடப்பட்டுள்ளன. 48,000க்கும் மேற்பட்டவை அழியும் அபாயத்தில் இருக்கின்றன.

பட்டியலில் பெயர் இருந்தாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். மொத்தம் 9 பிரிவுகள். 'கவலை குறைந்தது', 'அபாயத்தை நெருங்குவது' ஆகியவையும் அதில் உண்டு. 'அழியக்கூடியது', 'அருகிவருவது', 'மிகவும் அருகிவிட்டது' என்ற மூன்றும்தான் அபாயப் பிரிவுகள். அவற்றுக்கு அடுத்து 'காட்டில் அழிந்தது', கடைசியாக 'முற்றிலும் அழிந்தது'. போதிய தகவல் இல்லாதவற்றுக்கும் இன்னும் மதிப்பிடப்படாதவற்றுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

எதை வைத்து?

எத்தனை இருக்கு என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வாழும் இடம் எவ்வளவு சுருங்குகிறது என்றும் பார்க்கிறார்கள்.

10 ஆண்டு அல்லது 3 தலைமுறை, இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள் ஓர் இனம் பொதுவாக 30 விழுக்காடு குறைந்தால் 'அழியக்கூடியது'. 50 விழுக்காடு என்றால் 'அருகிவருவது'. 80 விழுக்காடு என்றால் 'மிகவும் அருகிவிட்டது'.

சரி, மைனா கதை என்ன?

அதன் சொந்த இடம் ஜாவா, பாலி. அங்கே கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே எண்ணிக்கை குறைந்துபோனது. 1920களில் கூண்டுப் பறவையாகச் சிங்கப்பூருக்கு வந்தது, இங்கே பெருகிவிட்டது. ஆனால் மனிதர்கள் கொண்டுவந்த இடத்தில் இருப்பவை இந்த மதிப்பீட்டில் சேராது.

இதற்கு நேர்மாறானது 'ஸ்ட்ரா-ஹெடட் புல்புல்'. அது இந்த மண்ணின் பறவை. அதன் இனிய குரலே அதற்கு வினையாகிவிட்டது. கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டு, தாய்லந்திலும் ஜாவாவிலும் காணாமல் போய்விட்டது. 2018இல் 'மிகவும் அருகிவிட்டது' பிரிவுக்குப் போனது. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை புலாவ் உபின் உட்பட, சிங்கப்பூரில்தான் இருக்கின்றன.

பட்டியல் பாதுகாக்குமா?

நேரடியாக இல்லை. அது எச்சரிக்கை மட்டுமே. பாதுகாப்பது ஒவ்வொரு நாட்டின் சட்டம். இங்கே வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி அந்தப் புல்புல்லைப் பிடிப்பது குற்றம்.

அடுத்த முறை உபினில் சைக்கிள் ஓட்டும்போது கொஞ்சம் நின்று கேளுங்கள். உங்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் அந்தக் குரல், பல ஊர்களில் இப்போது இல்லை.