கடல் வாங்கிய நகை திரும்பக் கிடைக்குமா?

மாசி மகம் வந்துவிட்டால் எங்கள் போலகத்தில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. பத்மினித் தாயார் மீனவர் குலப் பெண் என்பது ஐதீகம். அதனால் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை 'மாப்பிள்ளை' என்று உரிமையோடு வரவேற்பார்கள். மாப்பிள்ளையைப் பார்க்கச் சும்மா போக முடியுமா? பெட்டியில் இருப்பதெல்லாம் கழுத்துக்கு வந்துவிடும். அப்படியே அலையில் இறங்குகிறோம். அங்கேதான் வினை!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர் வீட்டு மருமகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. முழங்கால் தண்ணீரில் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அலை அடித்ததும் குழந்தை பயந்துபோய்ச் சங்கிலியைப் பற்றி இழுத்துவிட்டது. தாலி, குண்டு, மூன்று பவுன் சங்கிலி எல்லாம் தண்ணீரில். மாமியார், "கடல் வாங்கினா குடுக்குமாடி?" என்று அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா மட்டும், "நகராதே கண்ணு, நின்ன எடத்துலேயே நில்லு" என்று சொல்லி, ஒரு கழியைக் கொண்டுவந்து அவள் காலடியில் ஊன்றினாள். அந்தக் கழிதான் பிறகு பாதி நகையை மீட்டுக் கொடுத்தது.

தங்கம் எங்கே போகிறது?

கடல் நகையை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். தங்கத்தின் விஷயம் வேறு. சுத்தத் தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். மணலோ இரண்டரை மடங்குதான். அலை மணலைக் கலக்கக் கலக்க, கனமான தங்கம் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். நேரம் ஆக ஆக ஆழமும் கூடும்.

ஆழத்தில் போனதைக் கடலே சில சமயம் வெளியே காட்டுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைப் புயலில் அலை கரை மணலை வாரிக்கொண்டு போகும்போது அடியில் கிடந்தது மேலே வரும். நமக்கு வடக்கே இருக்கும் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்து ஈயக் காசும் செப்புக் காசும் இன்றும் அந்தக் கரையில் கிடைக்கின்றன என்றால் பாருங்களேன்!

மணலுக்குள் பார்க்கும் கருவி

மீன்காரம்மாவின் உறவுப் பையன் ஒருவன் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தான். நீளக் கம்பின் நுனியில் தட்டு மாதிரி ஒரு வளையம். அதற்குள் செப்புக் கம்பிச் சுருள். பேட்டரி மின்சாரம் அதில் ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. அடியில் உலோகம் இருந்தால் அதற்குள்ளும் லேசான மின்னோட்டம் எழும்புகிறது. அதைக் கருவி உணர்ந்து 'பீப்' என்று கத்தும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட டெலிபோன் கண்ட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவி செய்து பார்த்தார். படுக்கையில் இருந்த இரும்பு ஸ்பிரிங் கருவியைக் குழப்பிவிட்டதாம்!

கடற்கரையிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும். ஆகையால் சாதாரணக் கருவி ஈர மணலில் வெறுமனே கத்தும். விட்டு விட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும் 'பல்ஸ்' வகைதான் அலைக்கு ஏற்றது. கருமணல் படிந்த இடம் இன்னொரு தொல்லை. போதாதற்கு வலையிலிருந்து கழன்ற ஈயக் குண்டு, தூண்டில் முள், சோடா மூடி எல்லாம் 'நான்தான் தங்கம்' என்று கூப்பிடும்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மோதிரமும் தாலிப் பொட்டும் கருவிக்குச் சுலபமாகத் தெரியும். மெல்லிய சங்கிலி அப்படி இல்லை. கண்ணி கண்ணியாகப் பிரிந்திருப்பதால் பவுன் எத்தனை இருந்தாலும் சத்தம் குறைவுதான். கழி ஊன்றிய இடத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் தேடியதில் எதிர் வீட்டுப் பெண்ணுக்குத் தாலியும் ஒரு குண்டும் கிடைத்தன. சங்கிலியில் ஒரு துண்டு சல்லடையில் வந்தது. மீதி கடலோடுதான்.

கருவி இல்லாமலும் தேடுகிறார்கள். திருச்செந்தூரில் பக்தர்கள் கடலில் தவறவிட்ட நகைகளைக் கடற்கரைப் பாதுகாப்புப் பணியாளர்களும் சிப்பி அரிக்கும் தொழிலாளர்களும் தேடி எடுத்து உரியவரிடம் ஒப்படைப்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

தவறிவிட்டால் என்ன செய்வது?

1. முதலில் குழந்தையைக் கரையில் இருப்பவரிடம் கொடுங்கள். நகையை விட அது முக்கியம்.

2. அலை முழங்காலுக்கு மேல் இல்லையென்றால் அங்கேயே நின்று ஒரு கழியை ஊன்றச் சொல்லுங்கள். அலை பெரிதாக இருந்தால் உடனே ஏறிவிடுங்கள். கரையில் ஒரு மரம், ஒரு படகு என்று நேர்க்கோட்டு அடையாளம் பார்த்து வைத்தால் போதும்.

3. கூட்டம் சேர்ந்து மணலை மிதித்துக் கலக்க விடாதீர்கள்.

4. நீர் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டு அப்போது தேடுங்கள்.

5. காவல் நிலையத்தில் அடையாளத்தோடு எழுதிக் கொடுங்கள். பிறகு யாராவது கண்டெடுத்தாலும் உங்களுடையது என்று சொல்ல அது உதவும்.

கண்டெடுத்தவருக்குச் சொந்தமா?

இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அதைப் பத்திரமாகக் காக்க வேண்டிய பொறுப்பாளிதான். உரியவரைத் தேடாமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். பழங்காலப் புதையலாக இருந்து, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம்.

வருமுன் காக்க

குளிர்ந்த தண்ணீரில் விரல் சற்றுச் சுருங்கும். எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மோதிரம் தானே வழுக்கிவிடும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். சங்கிலியின் கொக்கியை வருஷம் ஒரு முறை ஆசாரியிடம் காட்டுங்கள். தேய்ந்த வளையம்தான் முதலில் விடும். தாலியைக் கழற்ற மனசு வராதுதான். தீர்த்தவாரிக்குப் போகும் அன்று மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, இரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திவிடுங்கள். சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்!