சுழியோடியின் கால்களும் நடைபயிற்றும் ரோபோவும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கரையோரத்தில் முள்ளந்தண்டுக் காயத்துக்கு வீதி விபத்து, உயரத்திலிருந்து விழுதல், போர்க்கால வெடிகாயம் ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. சங்கும் கடலட்டையும் தேடிக் காற்றுச் சிலிண்டருடன் மூழ்கும் சுழியோடிகளைத் தாக்கும் அமுக்கத்தளர்வு நோயே அது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் வழமையைவிட அதிகமாகக் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. சுழியோடி விரைந்து மேலெழும்போது அது வெளியேற அவகாசமின்றிக் குமிழிகளாகி, மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கடத்தும் நரம்பு வடமாகிய முண்ணாணைத் தாக்குகிறது. அதன் நெஞ்சுப் பகுதி பாதிக்கப்பட்டவருக்குக் கைகள் வழமைபோல் இயங்கினாலும், கால்களின் வலுவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் குறைகின்றன அல்லது அற்றுப்போகின்றன.

இத்தகையோரை நடக்கப் பழக்கும் ரோபோக்கள் இரு வகைப்படும். சுவிட்சர்லாந்தில் உருவான லோகோமற் போன்றவை வைத்தியசாலையில் நிலையாக நிற்பவை. நோயாளியைக் கச்சையில் தொங்கவிட்டு உடற்பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்கி, ஓடும் பட்டையின் மீது இடுப்பையும் முழங்காலையும் மோட்டார்களால் நடையின் ஒழுங்கில் அசைக்கின்றன. மற்றவை உடலோடு அணியும் வெளிக்கூடுகள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் அனுமதித்த றீவோக் இவ்வகையில் முன்னோடி. அதை உருவாக்கிய இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கோஃபர் கைகளும் செயலிழந்தவர் என்பதால், ஊன்றுகோல் பிடிக்கவேண்டிய அக்கருவியை அவரே பயன்படுத்த முடியாமற் போனது இத்துறையின் எல்லையையும் காட்டிவிடுகிறது.

ரோபோ முண்ணாணை ஒட்டவைப்பதில்லை. கால்களை மாறிமாறி எடுத்துவைக்கும் தாளத்தை உண்டாக்கக்கூடிய நரம்புச் சுற்றுகள் முண்ணாணிலேயே இருப்பதாலும், அவை பயிற்சியால் ஓரளவு திருந்துவதாலும், ஒரே அசைவைப் பன்முறை செய்விப்பதே இதன் வேலை. எனவே காயத்துக்குக் கீழே உணர்வோ அசைவோ எஞ்சியிருக்கும், முழுமையற்ற காயம் என்று வகுக்கப்படுவோருக்கே நடை திரும்பும் வாய்ப்பு மிகுதி. கருவி எதைச் சேர்க்கிறது என்பதில் ஆய்வுகள் அடக்கமாகவே பேசுகின்றன: 146 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், ரோபோ இன்றிப் பயிற்சியாளர்கள் கால்களை நகர்த்த, பாரம் தாங்கிய ஓடுபட்டைப் பயிற்சி பெற்றவர்களும் அதே அளவுக்குத் தரையில் நடக்கப் பயின்றவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையை எட்டினர். ரோபோ செய்விப்பதும் இதே ஓடுபட்டைப் பயிற்சியைத்தான் என்பதால், அதன் மெய்யான பயன், கால்களைக் கையால் நகர்த்தும் இயன்மருத்துவர்களின் உடலுழைப்பைக் குறைப்பதில்தான் பெரிதும் இருக்கிறது. அவர்களே போதாத இடத்தில் விலையுயர்ந்த கருவி முதற்தேவையாகாது.

திருகோணமலைக்கு அதைவிட அவசரமான கருவி ஒன்று கடற்படைத் தளத்திலேயே உள்ளது: நோயாளியை உள்ளே வைத்து அமுக்கத்தை மீண்டும் உயர்த்தி, ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து குமிழிகளைச் சுருக்கும் அமுக்க அறை. தாமதம் கூடக்கூட மீட்சி குன்றுகிறது. அங்கிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைவரை தொடரும் சிகிச்சையில் படுக்கைப்புண் தடுப்பு, சிறுநீர் மேலாண்மை, சக்கர நாற்காலிப் பழக்கம் ஆகியவை நடைப்பயிற்சிக்குச் சற்றும் குறைந்தவையல்ல. நீரிலிருந்து ஏறியபின் கால் விறைத்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ, வலியைத் தீர்ப்பதாக எண்ணி மறுபடி மூழ்காமல், சுழியோடிகள் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.