கல்லெழுத்தும் கணக்கேடும்
மொன்ரிசெல்லோ இடுகாட்டு வாசகங்கள் பற்றிய ஒரு குறிப்பு

சாசனங்களை அரசியல் வரலாற்றின் மூலங்களாகக் கொள்ளும் மரபு நம்மிடையே வலுப்பெற்றுள்ளது. நடுகற்களும் மெய்க்கீர்த்திகளும் அவ்வகையில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், தனிப்பட்ட குடும்பங்களின் கல்லறை வாசகங்களை ஓர் இலக்கிய வடிவமாகக் கொண்டு, அவை சொல்வனவற்றையும் சொல்லாது விடுவனவற்றையும் வர்க்க நிலைநின்று விளக்கும் முயற்சிகள் நம்மிடையே அருகியே காணப்படுகின்றன. கல்லுக்கும் கல்வெட்டுபவனின் கூலிக்கும் பணம் கொடுக்கக்கூடியவரே தம் இறந்தோரை எழுத்திற் பொறிக்கின்றனர் என்ற எளிய உண்மையிலிருந்து நாம் தொடங்குகின்றோம். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள மொன்ரிசெல்லோ பெருந்தோட்டத்தின் குடும்ப இடுகாடு இதற்குத் தக்க சான்றாகும்.

மொன்ரிசெல்லோ ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்புடையதாயிருந்தது. அங்கு முதலிற் புகையிலையும் பின்னர் கோதுமையும் பயிராயின. அதன் உரிமையாளரான தோமஸ் ஜெபர்சன் (1743–1826) தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். தமது கல்லறை எவ்வாறு அமைய வேண்டுமென அவரே எழுதி வைத்தார்: மூன்றடிக் கனசதுரம், அதன்மேல் ஆறடித் தூண், அதிலே தமது மூன்று பணிகள், அவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டா. அவ்வாறே, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தினதும் வேர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தினதும் ஆசிரியர், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் தந்தை என்று அக்கல் அவரைக் குறிக்கின்றது.

1801 முதல் 1809 வரை ஜனாதிபதியாயிருந்தமையை அவர் குறிப்பிடாது விட்டதைப் பணிவென்று போற்றுவோர் பலர். பதவியைப் பொறுத்தவரை அது பொருந்தலாம். ஆனால், விடுபட்டது பதவி மட்டுமன்று. ‘ஆசிரியர்’, ‘தந்தை’ என்பன ஆக்குவோனைச் சுட்டும் சொற்கள். எழுதுவதற்கு வேண்டிய ஓய்வையும் நூல்களையும் வீட்டையும் ஆக்கிய உழைப்பு இச்சொற்களின் பின்னே மறைந்துவிடுகின்றது; தோட்ட உரிமையாளன் மறைந்து சிந்தனையாளன் மட்டுமே எஞ்சுகின்றான். இதனை ஒரு தனிமனிதரின் போலித்தனம் என்று கூறி அமைதல் போதாது. முதலாளித்துவப் புரட்சியின் சுதந்திரக் கோட்பாடு அடிமை உழைப்பின்மீது நின்று பேசிய முரண்பாடே அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பிரகடனத்தின் முற்போக்கான தன்மையை நாம் மறுக்கவில்லை. முன்னாள் அடிமையான பிரெடெரிக் டக்ளஸ் 1852இல் அதனையே ஆளுவோருக்கெதிரான ஆயுதமாக்கினார்.

கல்லின் விலைக்காக எவரும் அதனை உடைத்துச் செல்லாதிருக்கும் பொருட்டு, கரடுமுரடான மலிந்த கல்லையே பயன்படுத்துமாறும் ஜெபர்சன் பணித்திருந்தார். நினைவுப் பொருள் தேடி வந்தோர் அதனையும் சிறிது சிறிதாகப் பெயர்த்துச் சென்றனர். 1883இல் காங்கிரஸ் ஒதுக்கிய நிதியில் பெரியதொரு தூண் நாட்டப்பட்டது. பழைய கல் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கல்லின் விலையை எண்ணியவர் தமது பெயரின் விலையை எண்ணவில்லை போலும்.

அவர் 100,000 டொலருக்கு மேற்பட்ட கடனுடன் இறந்தார். 1827 ஜனவரியில், அந்த மலையிலேயே, 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தனர். அவருக்குக் குழி தோண்டிய வோர்ம்லி ஹியூஸ் என்பவரின் மனைவியும் மக்களும் அந்த ஏலத்திலே விற்கப்பட்டோருள் அடங்குவர். கல் நாட்டப்பட்டது 1833இலேயே.

ஜெபர்சனின் மனைவி மார்தாவின் கல்லும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1782இல் இறந்த அவரை ஜோன் வெயில்சின் மகள் என அது அறிமுகஞ் செய்கின்றது. துயரின் உச்சத்தை இலியட் காவியத்தின் கிரேக்க அடிகளில் வெளியிடுகின்றது. அந்தரங்கத் துயரைப் பிறர் கண்ணினின்று மறைக்கவே கிரேக்கம் கையாளப்பட்டது என்பர். எந்தப் பிறர்? கனவான்களுக்குக் கிரேக்கம் தெரியும். இது நிற்க, மடிசன் ஹெமிங்ஸ் 1873இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பின்படி, அவருடைய தாயான சாலி ஹெமிங்சின் தந்தையும் அதே ஜோன் வெயில்சே. ஆகவே, ‘ஜோன் வெயில்சின் மகள்’ என்ற தொடர் இவ்விருவருக்கும் உரியது. ஒருவருக்குக் கல்லும் கிரேக்கமும் வாய்த்தன. மற்றவரோ சீதனச் சொத்துப் போல அவ்வீட்டுக்கு வந்து, ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்று, 1835இல் இறந்தார். அவரது புதைகுழி எங்கென்று அறியப்படவில்லை. குடும்ப இடுகாட்டை உடைமையாகக் கொண்ட வழித்தோன்றல்களின் சங்கம், சாலியின் வழிவந்தோரைச் சேர்த்துக்கொள்ள 2002இலும் மறுத்தது.

அடிமைகளின் இடுகாடு வேறிடத்தில் உள்ளது. 2001இல் தொல்லியலாளர் மேல்மண்ணை மாத்திரம் அகற்றி, எலும்புகளைத் தீண்டாது, குழிகளின் எல்லைகளை இனங்கண்டனர். இதுவரை 40க்கு மேற்பட்ட குழிகள் அறியப்பட்டுள்ளன. சில சிறுவர் அளவினவை. அங்கே எழுத்துடைய கல் இல்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் செதுக்காத கற்களே உள்ளன. அவற்றை வெறும் வெறுமையாகக் கொள்வது தவறு. எவரோ தேடி எடுத்து, சுமந்து வந்து, இடமறிந்து நாட்டிய கற்கள் அவை.

இங்கு புதைந்தோரின் பெயர்கள் எழுதப்படாமலும் இல்லை. ஜெபர்சன் 1774 முதல் எழுதி வந்த பண்ணைக் கணக்கேட்டில் அடிமைகளின் பெயர், பிறந்த ஆண்டு, கொடுக்கப்பட்ட போர்வை, துணி, மீன் என்பன நிரல்பட உள்ளன. கல்லிலே மூன்று பணிகளுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாமென்ற அதே கை, ஏட்டிலே நூற்றுக்கணக்கான பெயர்களை அயராது எழுதியது. எந்தப் பெயர் எந்தக் குழிக்குரியது என்பதை அந்த ஏடு கூறாது. உடைமைக் கணக்கிற்கு அது தேவையற்றது.

நமது மலையக வாசகருக்கு இந்நிலை அந்நியமானதன்று. அடிமைமுறையும் கங்காணிமுறையும் ஒன்றல்ல. எனினும் தோட்டத்தின் எழுத்து இரண்டிடத்தும் ஒரே தர்க்கத்தில் இயங்கியது. இலங்கையின் கல்லறை வாசகங்களை ஜே. பி. லூயிஸ் 1913இல் தொகுத்து வெளியிட்டார். அதில் ஐரோப்பியத் துரைமாருக்கு இடமுண்டு, கோப்பிக் காலத்தில் வழிநெடுக மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு இல்லை. அவர்களது பெயர் ஏறிய இடம் செக்றோல். தோட்டத்து வழக்கிலே ‘பேர்’ என்பது ஒரு நாட் சம்பளத்தையே குறிக்கும்; குறைந்த வேலைக்கு ‘அரைப்பேர்’.

மொன்ரிசெல்லோவின் எழுத்து ஒரு முறையேனும் கைமாறியது. தச்சரான ஜோன் ஹெமிங்ஸ் எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை. ஜெபர்சனின் சவப்பெட்டியைச் செய்தவர் அவரே என்பர். உயில் அவரை விடுவித்தது. 1830இல் அவர் மனைவி பிரிசில்லா இறந்தபோது, அவருக்கான கல்லைத் தாமே செதுக்கி எழுத்துப் பொறித்தார். அடுத்த ஆண்டே, கறுப்பின மக்களைக் கூட்டி எழுத்துக் கற்பிப்பதை வேர்ஜீனியாச் சட்டமன்றம் தடைசெய்தது.