உங்களுக்குத் தெரியுமா? கேகாலைப் பாலுக்குச் சீனத்து அரிசி!

கேகாலைச் சரிவெல்லாம் நிற்கிறதே இறப்பர் மரம், அதற்குச் சொந்த ஊர் எது? அமேசான் காடு! 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கப்பலேற்றிய விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. அதில் இலங்கைக்கு வந்த கன்றுகள் 1,919!

ஹெனரத்கொடையில் அவை வேர்பிடித்தன. அப்புறம் ஆசியாவே இறப்பர் தோட்டமாகிவிட்டது. மரத்தைத் தந்த பிரேசில்? தனக்கு வேண்டிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கை இன்று வெளியூரில் வாங்குகிறது!

1942இல் மலாயா ஜப்பான் கைக்குப் போனது. நேசநாடுகளின் போர் வண்டிகளுக்கு டயர் வேண்டுமே! எல்லார் கண்ணும் நம் இலங்கை மரங்கள் மேல்! பட்டை பாழானாலும் பரவாயில்லை என்று வெட்டு வெட்டென்று வெட்டிப் பால் எடுத்தார்கள்!

இதைவிடப் பெரிய கதை 1952இல். நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. கொரியப் போர் நேரம். சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்று அமெரிக்கா கெடுபிடி. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க என்ன செய்தார் தெரியுமா? நேரே பீக்கிங் போனார்! டிசம்பர் 18இல் கையெழுத்து. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே. 270,000 தொன் அரிசி இங்கே!

அப்போது இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவே இல்லை! அது வந்தது 1957இல்தான். ஐந்து வருஷ ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு ஓடியதோ 1982 வரை. முப்பது வருஷம்!

சீனா போன அந்த இறப்பர் எப்படி உருவானது? விடியுமுன் மரத்தடி. கத்தியால் மெல்லிசாக ஒரு சீவல். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால். வாளியில் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் பழுப்பு ஷீட்! எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் நம் பெண்கள் இருட்டோடு எழுந்து வெட்டிய பால் ஐயா அது!

மரம் மட்டுமா கடல் கடந்தது? தோட்டத்தில் உழைத்த இந்திய வம்சாவளி ஆட்களையும் இரு நாடுகள் பங்கு போட்டன! 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். மீதி 150,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். தோட்டத்து மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அப்படி இந்தியா போனவர்களுக்கு வாழ்வு கொடுக்கவே கேரளத்துப் புனலூரில் 1976இல் ஓர் அரசு இறப்பர் தோட்ட நிறுவனம் அமைந்தது. கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் அதே கதை. கன்னட மண்ணில் இன்றும் மலையகத் தமிழ் கேட்கலாம்!

சரி, அடுத்த மாவட்டமான இரத்தினபுரிக்கு வாருங்கள். 1926இல் பெல்மதுளையில் ஒரு நீலக்கல் அகப்பட்டது. 392.52 கரட்! ‘புளூ பெல் ஒப் ஏஷியா’ என்று பெயரும் வைத்தாயிற்று. 2014இல் ஜெனீவாவில் ஏலம். போன விலை 1 கோடி 70 இலட்சம் டொலருக்கும் மேல்!

கெவுடா தெரியுமா? பால் கலந்தாற்போல மங்கிய கல். ஒரு காலத்தில் இங்கே யாரும் மதிக்காதது. தாய்லாந்து வியாபாரிகள் சல்லிசாக அள்ளிப்போய்ச் சூளையில் சுட்டார்கள். வெளியே வந்தது பளபளக்கும் நீலம்! அந்த வித்தை நமக்குப் பிடிபடுவதற்குள் மூட்டை மூட்டையாகப் பாங்கொக் போய்விட்டது!

கேகாலை மாவட்டத்து போகல சுரங்கத்துக் காரீயத்தின் (கிராபைட்) தூய்மை 99 சதவீதம் வரை! பாறை வெடிப்பில் நரம்பாக ஓடும் இந்த வகை, வணிக அளவில் கிடைப்பது உலகிலேயே இலங்கையில் மட்டும்!

கடைசியாகத் தேயிலை. கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவ போன்ற தாழ்நிலத்துக் கடுஞ்சாயம் என்றால் மத்திய கிழக்குக்கு உயிர். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை வைத்த பாக்கி 25 கோடி 10 இலட்சம் டொலர். காசில்லையா? கொழுந்து இருக்கிறதே! 2021 டிசம்பரில் ஒப்பந்தம். மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை. கணக்குப் போட்டுப் பாருங்கள், கடன் தீர 50 மாதத்துக்கும் சற்று மேல்!