கிளி வளர்த்தால் வழக்கு, மக்கா வளர்த்தால் பதிவு

பாட்டி கொய்யாப்பழம் ஊட்டி வளர்க்கும் பச்சைக்கிளி சட்டத்தின் கண்ணில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிர்வீட்டு மாடியில் தென் அமெரிக்க மக்கா ஊரைக் கூட்டுகிறதே, அது? காகிதம் சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் காட்டு உயிர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கடல் கடந்து வந்தவை அதன் கணக்கில் ஏற ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2020-இல் மத்திய அரசு, வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பதை ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்பதில்லை என்றது. 2022 திருத்தத்தில், பன்னாட்டு உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிர்களுக்கென நான்காம் அட்டவணை வந்தது. 2024 விதிகளின்படி ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியோ, பால் பைத்தானோ, இக்வானாவோ வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கை மாறினாலும் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வரும் பெட்டிகளில் பாம்பும் குரங்குக் குட்டியும் சிக்கிக்கொண்டேதான் இருக்கின்றன.

கூண்டில் பிறந்த குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தால் காட்டில் கண்ணி வைப்பது குறையும் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். இருக்கலாம்.

என் கவலை வேறு. வியாபாரத்தால் ஓர் உயிரினம் அழிந்துவிடுமா என்றுதான் சைட்டிஸ் பட்டியல் பார்க்கிறது. அந்த உயிரினம் நம் ஏரியை அழிக்குமா என்பது அதன் கவலையே இல்லை.

மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, அதுவும் தென் அமெரிக்க விருந்தாளிதான். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்குகிறோம். அது ஒன்றரை அடி வரை வளரும். தொட்டியில் இடம் போதாது, கொல்லவும் மனம் வராது. ஏரியில் விட்டுவிட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, ஆகவே நம் ஊர் மீன்கள் அதைச் சீண்டுவதில்லை. கரையைக் குடைந்து முட்டையிடும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். சாக்கடை கலந்த ஏரிகளில் மற்ற மீன்கள் செத்து மிதக்க, இது மட்டும் பெருகுகிறது.

சிவப்புக் காது ஆமையின் கதையும் இதுதான். மிசிசிப்பி ஆற்றுப்பக்கத்து உயிர். நாணய அளவில் கண்ணாடிக் கிண்ணத்தில் வீட்டுக்கு வந்து, ஓரடி வரை வளர்ந்து, முப்பது ஆண்டுகள்கூட வாழும். பிள்ளைக்குப் பரீட்சை வந்ததும் ஆமை கோயில் குளத்துக்குப் போகிறது. புண்ணியமாம்!

இத்தகைய அயல் ஊடுருவல் உயிர்களின் இறக்குமதியை, விற்பனையை, வைத்திருப்பதைக்கூடத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 62ஏ பிரிவு அதே 2022 திருத்தத்தில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்து ‘டேங்க் கிளீனர்’ விற்பனையை முதலில் நிறுத்தலாம். ஏரியில் வலை வீசுபவருக்கு இப்போது இரட்டை நஷ்டம். இந்த மீனின் துடுப்பு முள் வலையைக் கிழிக்கிறது. கரைக்கு வந்த மீனை வாங்க ஆளில்லை.